வெற்றிலைப் பெட்டியிலிருந்து மீன் தொட்டிக்கு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் சுண்ணாம்பு கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வெத்தலைக்கா, செவுத்துக்கா?" மீன் தொட்டிக்கு என்று நான் சொன்னபோது, தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செத்துப்பூடும் சார்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. கலர் மீன் தொட்டியில் ஒரு கரண்டி சுண்ணாம்பு விழுந்தால் மறுநாள் காலை எல்லாம் மிதக்கும். கடல் தொட்டியிலும் கை தவறினால் அதே கதிதான். ஆனாலும் பவளம் வளரும் கடல் தொட்டிகளுக்கு உலகம் முழுக்க ஐம்பது வருடமாக ஊற்றிவருவது சுண்ணாம்புத் தெளிநீர்தான். 1970களில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் அந்த முறையைப் பரப்பினார். அவர் ஜெர்மன் மொழியில் எழுதியதால் 'கால்க்வாசர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அமெரிக்காக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் அந்தச் சொல்லை மந்திரம் மாதிரி உச்சரிக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் கால்க் என்றால் சுண்ணாம்பு, வாசர் என்றால் தண்ணீர். என் ஆயா கேட்டிருந்தால் வெற்றிலையை மென்றபடியே சிரித்திருப்பார்.

சுண்ணாம்பு இந்த ஊருக்குப் புதிதில்லை. ஊரே அதில்தான் நின்றது. ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு, கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மஞ்சள் சுவர்கள், தமிழர் தெருக்களில் தாழ்வாரமும் முற்றமும் வைத்த வீடுகள் எல்லாமே செங்கல்லும் சுண்ணாம்பும். சிமெண்ட் வந்தது பின்னால். கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தொட்டியில் தண்ணீர் விட்டுத் தாளித்து, நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்துப் பூசினார்கள். பூசிய சுவர் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகும். கிளிஞ்சலாக இருந்தது தூளாகி, கூழாகி, கடைசியில் கிளிஞ்சலின் பொருளுக்கே திரும்பிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய் வைத்து ஊதிப் பாலாக்கினோமே, அதுவும் இதே வேலைதான். சுவருக்கு வருடங்கள், சோதனைக் குழாய்க்கு ஒரு மூச்சு.

பவளமும் ஒரு கொத்தனார். கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துத் தன் காலடியில் கல் வீடு கட்டிக்கொள்ளும் சின்ன உயிர். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது.

சூளைக்குப் போன பவளமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் முருகைக்கல் என்பார்கள். ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் வீட்டுச் சுவரிலேயே அதைப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடியை ஒட்டிய தீவுகளைச் சுற்றி, பல பத்தாண்டுகள் கடப்பாரையால் பெயர்த்துத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பாகச் சுட்டார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கடியில். அலையைத் தடுத்த பாறையை அள்ளியதும் மண் நிற்கவில்லை. 2001-ல் மத்திய அரசு கல்பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், சேர்த்தது. அதற்குப் பின்னும் களவாகத் தொடர்ந்த வெட்டு, சுனாமியை ஒட்டிய காலத்தில்தான் அடங்கியது. இப்போது தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் அதே இடங்களில் சிமெண்ட் சட்டங்களை இறக்கி, உடைந்த பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2009-ல் நான் வைத்த முதல் கடல் தொட்டியில் ஒரு மூளைப் பவளம் இருந்தது. பக்கத்து மாவட்டத்துக் கடையொன்றில், ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. சட்டம் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அதனால்தான் கேட்கவில்லை.

தொட்டி, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கியது. விளக்கு, கடைகளில் துணிக்கு மேலே தொங்கும் வெள்ளை டியூப். தண்ணீருக்குக் கவலையே இல்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் வங்காள விரிகுடா. இரண்டு இருபது லிட்டர் கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு விடிகாலையில் வைத்திக்குப்பம் போவேன். வலை இழுப்பவர்கள் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும், "கரையில மொள்ளாத, சாக்கடை வந்து சேர்ற எடம்" என்று கேனை வாங்கிப்போய்க் கட்டுமரத்திலிருந்து அலை தாண்டிய தண்ணீராக மொண்டு கொடுத்தார்.

அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அளக்க என்னிடம் ஒன்றுமில்லை. கண்ணாடி மிதவை ஒன்று உப்பைக் காட்டியது, அதுவும் குத்துமதிப்பாக. கடைகளில் கிடைத்தது பி.எச். பார்க்கும் காகிதம் மட்டும். கடலில் வளர்வது கடல்நீரில் வளராதா என்பதே எங்கள் மொத்த விஞ்ஞானம்.

அந்த விஞ்ஞானத்தில் இரண்டு ஓட்டை. முதலாவது, புதுச்சேரிக் கடல் வருடம் முழுக்க ஒரே கடல் இல்லை. சித்திரை வைகாசியில் மொண்ட தண்ணீரும் கார்த்திகையில் மொண்ட தண்ணீரும் வேறு வேறு சரக்கு. வடகிழக்குப் பருவமழையில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் கொட்டுவது போதாதென்று, கங்கையும் கோதாவரியும் கலந்த நன்னீரை வடக்கேயிருந்து கரையோர நீரோட்டம் இங்கே இழுத்து வருகிறது. உப்பு இறங்கினால் அதோடு கால்சியமும் காரத்தன்மையும் சேர்ந்தே இறங்கும். நவம்பரில் மாற்றிய ஒவ்வொரு கேனும் என் தொட்டியை நீர்க்கச் செய்துகொண்டிருந்தது. வீட்டில் புதுத் தண்ணீர் விட்டேன் என்று திருப்தியாகத் தூங்கினேன்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. கடலில் ஒரு பவளம் எத்தனை கல் கட்டினாலும் கடல் குறையாது. தொட்டியில் குறையும். 1846-ல் ஆன்னா தைன் என்ற சீமாட்டி இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து சில தனிப்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோய் மூன்று வருடத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்தார். வேலைக்காரப் பெண், காற்று சேர வேண்டுமென்று, திறந்த ஜன்னலருகே நின்று தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றிக்கொண்டே இருந்தாராம், டீ ஆற்றுவதைப் போல. அவை குளிர்நாட்டின் மெதுவாக வளரும் இனம். வெப்பக் கடலின் பாறை கட்டும் பவளம் அப்படிக் காத்திருக்காது.

என் மூளைப் பவளம் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து சதை பின்வாங்க, அடியில் வெள்ளைக் கல் தெரிந்தது. விளக்கு போதவில்லை என்று இன்னொரு டியூப் போட்டேன். இரை போதவில்லை என்று இறாலை அரைத்து ஊட்டினேன். கல் கட்டச் சரக்கு இல்லாத கொத்தனாருக்கு வடையும் டீயும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரியாது.

2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கரை ஏறியது. ஊரில் மரங்கள் எல்லாம் படுத்துவிட்டன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரச் சில நாளானது. மூன்றாம் நாள் தொட்டியின் வாடை வாசல் வரை வந்தது. மிச்சமிருந்த கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பூ வேலை செய்த சுண்ணாம்புக் கட்டி.

அடுத்த தொட்டிக்கு ஆறு வருடம் ஆயிற்று. இதில் கல்பவளம் கிடையாது. இருப்பது தோல் பவளம் என்கிற மென்பவளம், பொத்தான் மாதிரி விரியும் சொவாந்தஸ், சில நத்தைகள், செயற்கைப் பாறை, அந்தப் பாறை முழுக்க ரோஜா நிறத்தில் படர்ந்த பவளப்பாசி. சட்டம் சரியான சட்டம் என்பது என் கட்சி. வீட்டுக் கூடத்தில் அழகு பார்க்க மன்னார் வளைகுடாவைப் பெயர்க்க வேண்டாம். ஆனால் இவற்றுக்கும் சுண்ணாம்பு வேண்டும். பவளப்பாசி கல்லாகவே படரும். தோல் பவளத்தின் சதைக்குள் மணல்மணலாகச் சுண்ணாம்பு ஊசிகள் உண்டு. கல்பவளத் தொட்டி மாதிரிக் குடம் குடமாகக் குடிக்காது, அவ்வளவுதான்.

இப்போது அளக்க எல்லாம் கிடைக்கிறது. ஊசி மருந்துக் குழல், சின்னப் புட்டிகள், எண் காட்டும் கருவி, செல்போனிலிருந்தே ஓட்டும் டோசிங் பம்ப் வரை பார்சலில் வந்து இறங்குகிறது. கடல்நீர் மொள்ளப் போவதில்லை; ஆர்.ஓ. தண்ணீரில் உப்புத்தூள் கரைக்கிறேன். போர் தண்ணீர் ஆகாது. கரையோரத்துப் போர்களில் கடல் ஏறிவிட்டது.

அளப்பதில் காரத்தன்மைதான் முதலில் குழப்பும். பாடப்புத்தகம் படித்தவர்கள் அதைப் பி.எச். என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெறும் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் உடனே புளிக்கும். ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் பிழிந்தால் நுரைத்து அடங்கும், புளிப்பு ஏறாது. இன்னொரு மூடி, இன்னொரு மூடி என்று எத்தனை மூடிவரை தாங்குகிறதோ அதுதான் காரத்தன்மை. சோதனைப் புட்டி செய்வதும் அதே. தொட்டித் தண்ணீரை நாலு மில்லி எடுத்து, நிறக்காட்டி இரண்டு சொட்டு விட்டால் பச்சை கலந்த நீலம். குழலிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே ஆட்ட வேண்டும். விழுந்த இடத்தில் சிவப்பு தோன்றி மறையும், தோன்றி மறையும். ஏதோ ஒரு சொட்டில் மறையாமல் நின்றுவிடும். குழலில் மீதி எவ்வளவு என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். சாயங்கால விளக்கில் அந்தக் கடைசிச் சொட்டைத் தீர்மானிக்க என் கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது.

கடலில் காரத்தன்மை சுமார் 7 டிகிரி, கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், மெக்னீசியம் 1,300. பவளம் கல் கட்டும்போது கால்சியமும் காரத்தன்மையும் கட்டுச் சோறு மாதிரிச் சேர்ந்தே செலவாகும்: 20 மில்லிகிராம் கால்சியம் போனால் 2.8 டிகிரி காரத்தன்மையும் போகும். தொட்டி வைத்தவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்தக் கணக்கில்தான். காரத்தன்மை ஒரு டிகிரி இறங்கினால் ஏழில் ஒரு பங்கு காலி. அதே வேலைக்குக் கால்சியத்தில் இறங்குவது 7 மில்லிகிராம், அறுபதில் ஒரு பங்கு. பாதிச் சோதனைப் புட்டிகள் அந்த அளவுக்குத் தாமே பிசகும். பார்ப்பவருக்குக் காரத்தன்மை சரிவது தெரியும், கால்சியம் அப்படியே இருப்பதாகத் தோன்றும். உடனே சோடாவை மட்டும் கொட்டுவார். மாதக்கணக்கில் கொட்டினால் ஒருநாள் கால்சியம் படுத்திருக்கும். அதைத் தூக்கக் கால்சியம் குளோரைடைக் கொட்டுவார். இரண்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் தொட்டிக்குள் பால் பொங்கும். பவளத்துக்குப் போக வேண்டியது பம்புக்குள்ளும் கண்ணாடியிலும் கல்லாக ஒட்டும். மெக்னீசியம் குறைந்திருந்தால் இந்தக் கூத்து இன்னும் சீக்கிரம் நடக்கும். கால்சியமும் கார்பனேட்டும் கண்டபடி கூடாமல் நடுவில் நின்று விலக்கிவிடும் பெரிய மனுஷர் அவர்.

சுண்ணாம்புத் தெளிநீரின் அருமை இங்கேதான். கால்சியமும் காரத்தன்மையும் பவளம் கேட்கும் அதே விகிதத்தில் ஒரே கரண்டியில் வருகின்றன. ராத்திரியில் பாசி ஒளிச்சேர்க்கையை நிறுத்த, கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கும் நேரத்தில் சொட்ட விட்டால் அந்தச் சரிவையும் தாங்கிப் பிடிக்கும். லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். அதற்கு மேல் போட்டது அடியில் தங்கும். வெற்றிலைச் சுண்ணாம்பிலும் வெள்ளையடிக்கிற சுண்ணாம்பிலும் வேறு என்னென்ன கலந்திருக்குமோ, அதனால் மார்க்கெட்டில் வாங்கியதைத் தூர வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தரத்தில் சீல் வைத்த பாக்கெட் வாங்குகிறேன்.

கலக்கும் விதத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை. பழைய வீட்டுக்குப் பூச்சு வேலைக்கு வந்த மேஸ்திரி. பாட்டிலைக் குலுக்கி வெள்ளையாகவே தொட்டியில் ஊற்றப் போனவனைப் பார்த்து, "இன்னா சார் இது, கொழம்பு மாதிரி! தெளிய வுடு. மேலாப்ல மட்டும் எடு. அந்த ஆடையைத் தொடாத" என்றார். மேலே மிதக்கும் மெல்லிய ஆடை, காற்றுப் பட்டு அதற்குள் கல்லாகத் தொடங்கிவிட்ட சுண்ணாம்பு. அவர் தெளிவை விட்டுக் கீழே இருக்கும் வெண்ணெய்க்காக ஊறவைப்பவர், எனக்கு வேண்டியது மேலே நிற்கும் தெளிவு. பானை ஒன்றுதான்.

ஆனால் இதை வைத்து நான் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். தெளிநீரை ஊற்ற இடம் வேண்டுமே. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத்தான் ஊற்ற முடியும். குளிர்நாட்டுக்காரர்கள் இந்த அளவு போதவில்லை என்று புலம்புவார்கள். நம் ஊரில் தலைகீழ். மே மாதத்தில் தொட்டியைக் குளிர்விக்க மேலே ஃபேன் ஓடும். என் 300 லிட்டரில் நாளைக்கு ஐந்து லிட்டர் பறந்துவிடும். ஐந்து லிட்டர் நிறைசெறிவுத் தெளிநீர் என்றால் காரத்தன்மையில் தினம் கிட்டத்தட்ட 2 டிகிரி ஏறும். கல்பவளக் காடு குடிக்கும் அளவு அது. என் மென்பவளமும் பாசியும் குடிப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நான்காம் நாள் எண் 11-ஐத் தாண்டியது. பிறகு ஏறவே இல்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். பம்ப் நின்றபோதுதான் புரிந்தது. ஏற வேண்டியதெல்லாம் அதன் அச்சில் பூச்சாகியிருந்தது. தோல் பவளம் ஒரு மாதம் முகத்தைக் காட்டவில்லை.

அதைவிட மோசம் அடுத்து நான் செய்த திருத்தம். 11-லிருந்து 8-க்கு ஒரே ராத்திரியில் இறக்கினேன். பவளம் 7-லும் பிழைக்கும், 10-லும் பிழைக்கும். இன்றைக்கு 7, நாளைக்கு 10 என்பதுதான் ஆகாது. அன்று அளக்காமல் கொன்றேன் என்றால், இன்று அளந்து அளந்து கொல்லப் பார்த்தேன். செல்போன் பம்ப் வைத்திருக்கும் நண்பர்களிடமும் இதே நோய்: காலையில் ஒரு எண், மாலையில் ஒரு எண், நடுவில் கை சும்மா இருக்காது. புட்டியின் பிசகை நோயென்று நினைத்து வைத்தியம் பார்க்கிறார்கள். வாரம் இரண்டு தடவை, அதே நேரத்தில், அதே விளக்கில் பார்த்தால் போதும்.

சீசனும் கணக்கில் சேர வேண்டும், புத்தகங்களில் இது இல்லை. மழைக்காலத்தில் காற்றே ஈரத்துணி. ஐந்து லிட்டர் பறந்த இடத்தில் ஒன்றோ ஒன்றரையோதான் பறக்கும். அதே பாட்டில், அதே கலவை, ஆனால் உள்ளே போவது கால்வாசி. எனவே கோடையில் தண்ணியாகவும் ஐப்பசியில் கொஞ்சம் கெட்டியாகவும் கலக்கிறேன். கட்டுமரத்துக்காரர் கடலின் சீசனைப் பார்த்தது மாதிரி, கூடத்துக்கும் ஒரு சீசன் இருக்கிறது.

இந்த ஊரில் இப்போது 'ரீஃப்' என்றால் பலருக்கு நினைவு வருவது வேறு. துறைமுகம் கட்டியபின் காணாமல் போன மணலை மீட்க, 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் இறக்கிய ஆப்பு வடிவ இரும்புப் பாறை. காந்தி சிலைப் பக்கம் கருங்கல்லை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று மணலில் கால் நனைக்கிறார்கள். அதற்கப்பால் கடலும் தன் கணக்கில் கொஞ்சம் பிசகிக்கொண்டிருக்கிறது. நாம் விடும் கரியமில வாயுவில் கால்பங்கைக் குடித்துக் குடித்து, தொழிற்புரட்சிக்கு முன் 8.2-ஐ ஒட்டியிருந்த மேல்மட்டப் பி.எச். இப்போது 8.1 பக்கம். அதற்குப் பம்ப் வைக்க ஆளில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் படிக்கட்டில் மூன்று படி முழுகியது. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் இந்த முறை இருந்தது. மாவுக்கடை பில் நோட்டு ஒன்றில் தேதிவாரியாக எண் எழுதும் பழக்கமும் வந்திருந்தது. அந்த வாரத்துப் பக்கம், ஓரம் நனைந்து காய்ந்து, இப்படி இருக்கிறது:

நவம்பர் 28: 8.1. தெளிநீர் ஒன்றரை லிட்டர்.

நவம்பர் 30: கரண்ட் இல்லை. ஊற்றவில்லை.

டிசம்பர் 1: பார்க்கவில்லை. கூடத்தில் தண்ணீர்.

டிசம்பர் 3: 7.9. தெளிநீர் ஒரு லிட்டர். தோல் பவளம் பாதி விரிந்தது. சுண்ணாம்பு டப்பாவில் ஈரம் ஏறிவிட்டது, புதுசு வாங்கணும்.